பாக் வக்கிஜோவின் ரத்தத்தில் வருகைக் குறைவு

வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடமும்:

முன் வரிசை, சோபா, நடுவில்: எங்கள் வட்டாரத்தின் அதிகாரியான லூரா, பாக் குன்சோரோ அவர்கள். எதிரே கண்ணாடி மேசை, மூடி போட்ட தேநீர்க் கோப்பை. அவருக்கு இடப்பக்கம் சுகாதார நிலையத்து டாக்டர் நிங்ரும். வலப்பக்கத்து சோபா காலி. மாவட்டத்திலிருந்து யாராவது வந்துவிட்டால் என்று எல்லாக் கூட்டத்திலும் அது காலியாகவே இருக்கும். இதுவரை யாரும் வந்ததில்லை. ஆனால் அந்த சோபாவுக்கும் ஒரு பலகாரப் பெட்டி வைத்துவிடுவோம்.

இரண்டாம் வரிசை, ஓரம்: எர்டே மூன்றின் தலைவர் பாக் திர்தோ. எழுந்து வணங்க வசதியான இடம் அது. அவருக்கும் பொதுமக்களுக்கும் நடுவே மூன்று வரிசை நாற்காலிகள் காலி. முன்னால் வந்து உட்கார்வது தன்னைப் பெரிய ஆளாக நினைப்பதாகும் என்பதால் பொதுமக்கள் கடைசி வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே: விதவை இபு சுமிலா. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில்: மின்சாமான் பழுதுபார்க்கும் பாக் வக்கிஜோ. ஒலிபெருக்கி கரகரத்தால் அவர்தான் தட்ட வேண்டும். கதவோரம் சின்ன மேசையில், எர்டே மூன்றின் செயலாளர் என்ற முறையில், நான்.

எங்கள் ஊரில் ஆண்களைப் ‘பாக்’ என்றும் பெண்களை ‘இபு’ என்றும் மரியாதையாக அழைப்போம். நாற்பது வீடு சேர்ந்தால் ஓர் எர்டே. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். சம்பளம் கிடையாது. முத்திரை மட்டும் உண்டு.

கூட்டத்தின் பொருள், இதயம். மாவட்டம் ‘நல்ல இதய வட்டாரம்’ என்று ஒரு போட்டி அறிவித்திருந்தது. முந்தின வாரம் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்துப் போயிருந்தார்கள். அன்று முடிவு வாசிக்க வேண்டும். தேசிய கீதம், பிரார்த்தனை, அமைப்பாளர் அறிக்கை, பொரித்த பலகாரம் எல்லாம் முறைப்படி நடந்தன. டாக்டர் நிங்ரும் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார். பொரித்த டோஃபு, உருளைக்கிழங்கு உருண்டை, தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசி. மூடிவிட்டு எழுந்தார்.

“ரத்தக்குழாய் சுவர்ல கொழுப்பு ஒட்டும். ஒட்டி ஒட்டிக் குழாய் குறுகிடும். அடைச்சா மாரடைப்பு. எச்.டி.எல்.ங்கிறது என்ன பண்ணுதுன்னா, சுவர்ல ஒட்டினத எடுத்துக்கிட்டுப் போய்க் கல்லீரல்ல சேக்குது. கல்லீரல் அத வெளிய தள்ளிடுது. அதனாலதான் அதுக்கு நல்ல கொழுப்புன்னு பேரு. நம்ம வாசல் சாக்கடை மாதிரின்னு வெச்சுக்குங்களேன். யாராச்சும் அள்ளிக்கிட்டுப் போகலேன்னா…”

கூட்டம் முழுதும் திரும்பி ஜன்னல் வழியாகச் சாக்கடையைப் பார்த்தது. நோன்பு மாதத்துக்கு முன்பிருந்தே அது ஓடவில்லை. பாக் வக்கிஜோவின் கடை வாசலில்தான் அதன் ஆழமான பகுதி.

“டாக்டர், நேரமாகுது” என்று லூரா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் மேடை ஏறுகிறவர், வந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்கிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பமே மூன்று வருடம் முகம் கொடுக்காது. எனவே லூரா யாரையும் விடமாட்டார். டாக்டரை வணங்கினார். தலைவர்களை வணங்கினார். வராத மாவட்டத்தை வணங்கினார். பிறகு சற்று நிறுத்தி, “இவ்வளவு நேரம் யாரோட சேவையப் பத்திக் கேட்டோமோ, அந்த மரியாதைக்குரிய எச்.டி.எல். அவர்களே” என்றார். பாக் திர்தோ எழுந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், காலி சோபாவை நோக்கி வணங்கினார்.

லூராவின் பேச்சிலிருந்து நான் குறித்துக்கொண்டது:

“ஒட்டிக் கெடக்கறத எடுத்துக்கிட்டுப் போய் இன்னொரு எடத்துல சேக்கறது. யோசிச்சுப் பாருங்க, நம்ம அலுவலகமும் இதைத்தான் பண்ணுது. நீங்க மனு குடுக்குறீங்க. நாங்க அத எடுத்துக்கிட்டுப் போய்த் தாலுகாவுல சேக்குறோம். தாலுகா மாவட்டத்துல சேக்குது. மாவட்டம் அதைத் திரும்ப நமக்கே அனுப்பிடுது. இத்தன வருஷத்துல ஒரு மனு கூட வெளிய போனதில்ல.”

கைதட்டினோம்.

பிறகு டாக்டர் எண்களை வாசித்தார். ஆண்களுக்கு எச்.டி.எல். நாற்பதுக்குக் குறையக் கூடாது, பெண்களுக்கு ஐம்பதுக்கு. இபு சுமிலாவுக்கு எண்பத்தெட்டு. லூராவே எழுந்து கைதட்டினார்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்களே. சும்மாதான் இருந்தேன்” என்றார் இபு சுமிலா.

“அதுதான் தகுதி, இபு” என்றார் லூரா.

“பாக் வக்கிஜோ, இருபத்தொன்பது” என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. பாக் வக்கிஜோ எழுந்து அதைத் தட்டினார்.

நான் சர்க்கரை ஆலையில் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு காகிதத்தில் எண், தேதி, பொருள், இணைப்பு நான்கும் இருந்துவிட்டால் அது எதைப் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை என்று அங்கே கற்றுக்கொண்டேன். கூட்டக் குறிப்பு எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. மேடையிலிருந்து வணங்கப்பட்டவர் எல்லாரும் வந்தவர்கள். வந்தவர் எங்கே அமர்ந்தார் என்று எழுத வேண்டும்.

“பாக் திர்தோ, எச்.டி.எல். எங்க உக்காந்திருந்ததா போடட்டும்?”

“முன் வரிசை, வலப்பக்க சோபா. அதுதான் காலியா இருந்துச்சு. நான் கும்பிட்டது வீண் போகக் கூடாது பாருங்க.”

“எண்ணிக்கை?”

“டாக்டர் ஆளாளுக்குச் சொன்னாங்கல்ல. அத ‘வருகை’ங்கிற எடத்துல போட்டுடுங்க.”

போட்டுவிட்டேன். பாக் வக்கிஜோ: தேவை நாற்பது, வருகை இருபத்தொன்பது.

மூன்றாம் நாள் லூரா பாக் திர்தோ, பாக் வக்கிஜோ, நான் என மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கூட்டக் குறிப்பு அவர் முன்னால் இருந்தது.

“பாக் வக்கிஜோ, மீதிப் பதினோரு பேரு எங்க?”

“எந்தப் பதினோரு பேரு பாக்?”

“நாப்பது பேர் வரவேண்டிய எடத்துல இருபத்தொன்பது பேர்தான் வந்திருக்காங்க. லீவு கடுதாசி உண்டா?”

பாக் வக்கிஜோ என்னைப் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன்.

“இல்லீங்க பாக்.”

“அனுமதி இல்லாம பதினோரு பேர் வரல. சரிதானா?”

“சரிங்க” என்றார் பாக் வக்கிஜோ. பெரியவர்கள் எது சொன்னாலும் அவருக்குச் சரிங்கதான். ரேடியோ, மின்விசிறி, சோற்றுப் பானை எதைக் கொண்டுவந்து எப்படித் திட்டினாலும் சரிங்க என்றுதான் வாங்கிக்கொள்வார். கிராம்பு சிகரெட் ஒன்று உதட்டில் எரிந்துகொண்டே இருக்கும்.

லூரா விதியை விளக்கினார். வருகைக் குறைவுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம், இரண்டாம் எச்சரிக்கை, மூன்றாம் எச்சரிக்கை. மூன்றுக்கும் திருந்தாவிட்டால் அந்தக் குடும்பத்தின் முகவரி, போட்டி முடியும்வரை, மனைவியின் பிறந்த ஊருக்கு மாற்றப்படும்.

“காகிதத்துல மட்டும்தான் பாக் வக்கிஜோ. நீங்க இங்கயே இருந்துக்கலாம், இங்கயே சாப்பிட்டுக்கலாம். உங்க ரத்தம் மட்டும் நம்ம கணக்குல வராது. சரிதானா?”

பாக் வக்கிஜோ சரிங்க என்று சொல்லவில்லை. அவர் அதைச் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

“பொண்ணுக்கு ஸ்கூல் பாக்” என்றார்.

அவர் மகள் ரெஸ்தி அந்த வருடம் மேல்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். அரசுப் பள்ளி எங்கள் தெருமுனையில்தான். ஆனால் அங்கே இடம் கிடைப்பது மதிப்பெண்ணால் மட்டுமல்ல, குடும்ப அட்டையில் உள்ள முகவரிக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தாலும்தான். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முகவரி சரிபார்ப்பு. அன்று அட்டையில் மலைக்கு அந்தப்பக்கம் உள்ள அவர் மனைவியின் ஊர் இருந்தால், தெருமுனைப் பள்ளி ரெஸ்திக்கு இரண்டு மணி நேரத் தூரமாகிவிடும்.

“அது கல்வித் துறை. என் மேசைக்கு வராது” என்றார் லூரா வருத்தத்தோடு.

முதல் எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் எழுத வேண்டியிருந்தது. தவறு செய்தவர் யாரோ அவருக்குத்தான் எழுத வேண்டும் என்பது லூராவின் கண்டிப்பு. பாக் வக்கிஜோ வந்திருந்தாரே. வராதது எச்.டி.எல்.தானே. எனவே பெறுநர் இடத்தில் ‘மரியாதைக்குரிய எச்.டி.எல். அவர்கள், மே/பா பாக் வக்கிஜோ, எர்டே மூன்று’ என்று எழுதினேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும். அங்கே நின்றுவிட்டது.

“வீட்டுக்காரர்ங்கிற முறையில நீங்க போடுங்க” என்றார் லூரா.

பாக் வக்கிஜோ போட்டார். போட்ட மை காய்வதற்குள் பாக் திர்தோவுக்கு வேறொன்று தோன்றிவிட்டது.

“வீட்டுக்காரர்னா உள்ள இருக்கறவங்க விருந்தாளிங்கதானே? விருந்தாளி ஒரு நாளுக்கு மேல தங்கினா எர்டே தலைவர்கிட்டத் தெரிவிக்கணும். தெரு முனையில போர்டே இருக்கு. எவ்வளவு நாளா தங்கியிருக்காங்க?”

“பொறந்ததுலேருந்து இருக்கும் பாக் திர்தோ.”

“அம்பது வருஷத்துக்கு மேல. ஒரு வார்த்த சொல்லல நீங்க.”

“நானே கூட்டத்துலதானே கேள்விப்பட்டேன்.”

அப்படியாக இரண்டாவது விவகாரம் தொடங்கியது. அடுத்த நாள் பாக் திர்தோ தன் வீட்டு முன்னறையில் விருந்தாளிப் பதிவுக்கு உட்கார்ந்தார். பெயர் தெரியவில்லை. மணமானவர்களா என்றும் தெரியவில்லை. மதம் கேட்டபோது பாக் வக்கிஜோ வெகுநேரம் யோசித்து, “நான் தொழுவுறப்ப அவங்களும் கூடத்தான் இருக்காங்க” என்றார். அதை எழுதிக்கொண்டேன்.

“தொழில்?”

“டாக்டர் சொன்னாங்களே. சுவர்ல ஒட்டினத அள்ளிக்கிட்டுப் போறது.”

“அப்ப துப்புரவு. நல்லதாப் போச்சு, நம்ம சாக்கடைக்கும் ஆள்…” என்று தொடங்கிய பாக் திர்தோ, பிறகு தேநீரைக் குடித்தார்.

இதற்கிடையில் இபு சுமிலாவின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வட்டாரங்களின் எர்டே தலைவர்கள் வாழைக்குலையோடு வந்து, போட்டி முடியும்வரை தங்கள் எர்டேயில் பெயர் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். அவர் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினார். லூரா அவரை அலுவலக வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வருகிறவர்கள் பார்த்துத் திருந்த வேண்டும் என்பதற்காக.

“என்ன பாத்து என்னத்தத் திருந்துறது? கொசுதான் கடிக்குது, அந்தச் சாக்கடையால” என்றார் இபு சுமிலா என்னிடம்.

டாக்டர் நிங்ரும் இதைக் கேள்விப்பட்டு வந்தார். நான் அப்போது லூராவின் அறையில் ஒரு முத்திரைக்காகக் காத்திருந்தேன்.

“பாக், எண்பத்தெட்டு இருந்தா எண்பத்தெட்டும் வேல செய்யுதுன்னு அர்த்தமில்ல. எவ்வளவு இருக்குங்கறத விட எவ்வளவு அள்ளிக்கிட்டுப் போகுதுங்கறதுதான் முக்கியம். ரொம்ப ஏறிப்போனா அதுவும் நல்லதில்ல. மாத்திர குடுத்து எண்ண மட்டும் ஏத்திப் பாத்தாங்க, மாரடைப்பு கொறையல.”

லூரா உண்மையிலேயே புண்பட்டுப் போனார். “டாக்டர், இந்த அலுவலகத்துல தெனம் காலைல எல்லாரும் விரல்ரேக வெச்சுடுறோம். ஒருத்தர் தவறுறதில்ல. அதுக்கப்புறம் என்ன பண்றோம்னு இதுவரைக்கும் அரசாங்கம் கேட்டதில்ல. நீங்க ஏன் பாவம் கொழுப்புகிட்ட மட்டும் கேக்குறீங்க?”

டாக்டர் எழுந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாக் வக்கிஜோவிடம் போய்ச் சொன்னார்: “சிகரெட்ட விடுங்க. நடங்க. பொரிச்சதக் கொறைங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கெட்ட கொழுப்பும் எறங்கணும், அத மறந்துடாதீங்க. காகிதத்துக்காக இல்ல பாக், உங்களுக்காக.”

“சரிங்க” என்றார் பாக் வக்கிஜோ. ஆனால் அவர் முகம் காகிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

அன்று நான் லூராவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல ஒன்று கேட்டேன். “பாக், விவகாரம் நிலுவையில இருக்கறப்ப ஒருத்தரோட முகவரிய மாத்தலாமா?”

“அது எப்படி இபு லஸ்த்ரி? விசாரணைக்குக் கூப்பிட்டா எங்க போய்க் கூப்பிடறது? எல்லாம் முடிஞ்சாத்தான் மாத்தலாம்.”

வீட்டுக்கு வந்து நல்ல தாளாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு எர்டே மூன்றிலிருந்து கடிதங்கள் போகத் தொடங்கின. முதல் எச்சரிக்கைக்கு விளக்கம். விளக்கத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போனதற்கு வருத்தம். வருத்தத்தில் தேதி மாறியதற்குத் திருத்தம். விருந்தாளிப் பதிவில் இருபத்தொன்பது பேருக்கும் புகைப்படம் தேவையா என்று சந்தேகம். லூரா அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது. எதற்கும் பதில் எழுதாமல் விடுவது அந்த அலுவலகத்தின் பழக்கமில்லை. எதையும் செய்யாமல் விடுவதுதான் பழக்கம்.

கடிதத்தைச் சம்பந்தப்பட்டவரே நேரில் கொண்டுவர வேண்டும். சம்பந்தப்பட்டவர் பாக் வக்கிஜோவுக்குள் இருந்ததால் பாக் வக்கிஜோதான் கொண்டுபோனார். வண்டி மனைவியின் சந்தை வியாபாரத்துக்குப் போய்விடும். எனவே நடந்து போனார், நடந்து வந்தார். அலுவலகத்தில் மதியம்வரை காத்திருக்க வைத்தார்கள். அங்கே புகைபிடிக்கக் கூடாது. பலகாரப் பெட்டி கூட்டத்துக்கு மட்டும்தான் என்பதால் பொரித்ததும் கிடைக்கவில்லை. அந்த அலுவலகம் ஒரு மனிதனுக்கு நன்மை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு அது தெரியாது.

மறுபரிசோதனையில் முப்பத்து மூன்று வந்தது. பாக் வக்கிஜோ முதல் முறையாகச் சிரித்தபடி காகிதத்தை லூராவிடம் நீட்டினார். லூராவின் முகம் இருண்டது.

“இந்த நாலு பேரு யாரு?”

“புதுசா வந்தவங்க பாக்.”

“யார் நியமிச்சது?”

“நடந்தேன் பாக். தானா வந்துட்டாங்க.”

“தானா வந்தாங்களா? நியமன உத்தரவு இல்லாம? பாக் வக்கிஜோ, என் மச்சானுக்கே இந்த அலுவலகத்துல நியமன உத்தரவு வர ரெண்டு வருஷமாச்சு.”

அது மூன்றாவது விவகாரம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சரிபார்ப்பு வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஆனால் புதன்கிழமை பாக் திர்தோ மூச்சிரைக்க வந்தார். மாவட்டத்திலிருந்து நடுவர்கள் வரப்போகிறார்களாம். நிலுவையில் விவகாரம் இருந்தால் மதிப்பெண் குறையுமாம். எனவே லூரா பெருந்தன்மையோடு எல்லாவற்றையும் மன்னித்து, நாளை வியாழன் மதியத்துக்குள் மூன்று விவகாரங்களையும் முடித்துவிடப் போகிறார். நாற்பதை எட்டாத ரத்தம் நடுவர்கள் கணக்கில் வரக் கூடாது என்பதால், மீதி எச்சரிக்கைகளுக்குக் காத்திராமல், முடிந்தவுடன் அன்று சாயங்காலமே முகவரி மாற்றம்.

“மன்னிச்சுட்டாரு இபு லஸ்த்ரி. அதான் பிரச்சன” என்றார் பாக் திர்தோ. அவர் குரலில் வழக்கமான தலைவர் குரல் இல்லை. அவர் மகளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

வியாழன் காலை பாக் வக்கிஜோ என் வீட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ரெஸ்தி பள்ளிச் சீருடைக்குத் துணி எடுத்து வைத்துவிட்டாளாம். அதை அவர் யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

“இனிமே நாம எழுதினா எடுபடாது பாக். விண்ணப்பிச்சவரையே மன்னிச்சுட்டாங்க. இனி எழுதறதுன்னா அவங்கதான் எழுதணும்.”

“யாரு?”

“சோபாவுல உக்காந்திருந்தாங்களே, அவங்க.”

மேடையிலிருந்து வணங்கப்பட்டவர் எழுதினால், லூரா பதில் எழுதாமல் விவகாரத்தை மூட முடியாது. மூன்று வருடம் முகம் கொடுக்காமல் போய்விடும் குடும்பங்கள் அவர் நினைவில் இருக்கின்றன. பெற்ற கடிதத்துக்குப் பதில் தர விதிப்படி ஏழு வேலை நாள். அதற்குள் நாளைய சரிபார்ப்பு வெள்ளிக்கிழமை வந்து போய்விடும். தாளை எடுத்து எண், தேதி, பொருள், இணைப்பு நான்கையும் போட்டு எழுதினேன்:

‘மரியாதைக்குரிய லூரா அவர்களுக்கு, பாக் வக்கிஜோவின் எச்.டி.எல். எழுதிக்கொள்வது. தாங்கள் பொதுக்கூட்டத்தில் எங்களை வணங்கியதற்கு நன்றி. அன்று வேலையில் இருந்ததால் பதில் வணக்கம் சொல்ல இயலவில்லை. தங்கள் மன்னிப்பைப் பெற்றோம். ஆனால் எங்களில் எத்தனை பேர் என்று தாங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள், எதை எடுத்துப் போனோம் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. எனவே இந்த விவகாரம் முழுமையாக விசாரிக்கப்படவில்லை எனக் கருதுகிறோம். மேலும் மூன்று தெளிவுகள் தேவை. ஒன்று, புதிய நால்வரின் நியமன உத்தரவு. இரண்டு, கூட்டக் குறிப்பின்படி வலப்பக்க சோபா எங்களுடையது என்பதால், நடுவர்கள் வரும் அன்று அங்கே யார் அமர்வது. மூன்று, கடை வாசல் சாக்கடையில் ஒட்டியிருப்பதை எடுத்துப் போவது எங்கள் பணியா, தங்கள் பணியா. பதில் கிடைக்கும்வரை நாங்கள் தற்போதைய முகவரியிலேயே இருப்போம்.’

வாசித்துக் காட்டினேன். பாக் வக்கிஜோ கடைசி வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

“கையெழுத்து?” என்றார்.

நான் தையல் ஊசி ஒன்றை எடுத்து நெருப்பில் காட்டித் துடைத்துக் கொடுத்தேன். அவர் விரலில் குத்தி, ‘இப்படிக்கு’ என்பதற்குக் கீழே ஒரு சொட்டு வைத்தார்.

“முப்பத்து மூணு பேரும் இதுல இருப்பாங்களா இபு?”

“தெரியாது பாக். பெரும்பான்மை இருந்தா போதும்.”

சொட்டு காய்ந்ததும் எர்டே மூன்றின் முத்திரையை அதன் பக்கத்தில், மேலே படாமல், வைத்தேன். தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, நாக்கால் தடவாமல் கோந்து தொட்டு ஒட்டினேன். பெறுநர் பெயரை எழுதினேன். மணி பத்து. பதிவு மேசை மதியம்வரை திறந்திருக்கும்.

பாக் வக்கிஜோ உறையைச் சட்டைப்பையில் வைத்தார். முன்பு சிகரெட் பெட்டி இருந்த பை அது. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“சந்தை வழியா போனா சீக்கிரம் போயிடலாம்” என்றேன்.

“நேரம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப கரும்புத் தோட்டத்தச் சுத்திக்கிட்டுப் போறேன்” என்று அவர் கிளம்பினார்.